கடல் கடக்கும் தும்பியும் ஓடை நீங்காத் தும்பியும்

இது நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய செய்திகளுள், அவ்வியலில் இடம்பெற இயலாமற்போன ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன். நேரம் வாய்க்கும்போது பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் கொல்கத்தாவில் தங்கி அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்து வருபவன். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தின் பிற்பகுதியில், எங்கள் விடுதியின் விளையாட்டுத் திடலின்மேல் மாலை நேரத்தில் நூற்றுக்கணக்கான தும்பிகள் திரளும். மஞ்சள் கலந்த செம்பொன் நிறம். புல்லில் அமர்வதில்லை. தலைக்குச் சற்று மேலே, சிறகை அடிப்பதைக்கூடச் சிக்கனப்படுத்தியபடி மிதந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் அவை காணாமற்போகும். எங்கே போயின என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, பழைய அருங்காட்சியக இதழ் ஒன்றில் வேறொரு தும்பியைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும் வரை.

அந்த வேறொரு தும்பி இமயமலையின் குளிர்ந்த ஓடைகளில் மட்டும் வாழ்வது. திடலின்மேல் மிதப்பதோ அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் காணப்படுவது. இரண்டும் இந்திய மண்ணிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானவை. ஆயினும் இரண்டின் வரலாறும் நேர் எதிரான வழிகளில் நடந்திருக்கின்றன. முதலாவது எங்கும் இருந்தமையால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அதன் பயணத்தை எவரும் முறையாக வினவவில்லை. இரண்டாவது எங்கும் இல்லாமையால், அதன் சிறகைக் காணும் முன்னரே அதற்குப் புகழ் வந்துவிட்டது. ஓர் உயிரினத்தைப் பற்றி நாம் எதை அறிகிறோம் என்பதை அவ்வுயிரினத்தின் இயல்பு மட்டும் முடிவுசெய்வதில்லை; நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. இவ்விரு தும்பிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்கு விளங்கியது இதுவே.

வசதிக்காக, திடல்மேல் மிதப்பதை நாடோடித் தும்பி என்றும், மலையோடையில் வாழ்வதை இமயத் தொல்தும்பி என்றும் இப்பதிவில் குறிப்பிடுகிறேன். முன்னதன் அறிவியற் பெயர் பாண்டலா ஃபிளாவெசென்ஸ். பின்னதன் பெயர் எபியோஃபிளீபியா லெய்ட்லாவி.

1. பெயர் சூட்டிய கதை

நாடோடித் தும்பிக்குப் பெயரிட்டவர் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். லின்னேயசிடம் பயின்ற டேனிஷ் அறிஞர். பூச்சியியலின் முன்னோடிகளுள் ஒருவர். 1798இல் வெளிவந்த தம் நூலில் இதனை லிபெல்லுலா ஃபிளாவெசென்ஸ் என்று குறித்தார். ஃபிளாவெசென்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மஞ்சள் நிறம் கொள்வது என்று பொருள். 1861இல் ஹாகன் என்ற பூச்சியியலாளர் பாண்டலா என்னும் பேரினத்தை நிறுவியபோது இன்றைய பெயர் அமைந்தது. ஃபாப்ரீசியஸ் இதற்குக் கொடுத்த முகவரி ஒற்றைச் சொல்: இந்தியா. எந்த ஊர், எந்த ஆறு, எந்த மாதம் என்ற விவரம் ஏதுமில்லை. அக்கால ஐரோப்பிய அறிஞர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஊசியில் குத்தி வைக்கப்பட்ட ஓர் உடலிலிருந்து சிறகு நரம்புகளையும் நிறத்தையும் படிக்கலாம். அது எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைப் படிக்க இயலாது.

இமயத் தொல்தும்பியின் கதை இதற்கு 120 ஆண்டுகளுக்குப் பின் தொடங்குகிறது. 1916 ஜூலை முதல் நாள் இந்திய விலங்கியல் ஆய்வகம் கொல்கத்தாவில் நிறுவப்பட்டது. நெல்சன் அன்னண்டேல் அதன் முதல் இயக்குநர். அவருடன் பணியாற்றியவர் ஸ்டான்லி கெம்ப். இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளில் வல்லவரான கெம்ப், 1911-12இல் இன்றைய அருணாசலப் பகுதியில் நடந்த அபோர் படையெடுப்புடன் விலங்கியலாளராகச் சென்று, காட்டின் கற்களுக்கும் மட்கிய மரங்களுக்கும் அடியில் தேடிப் பழகியவர். 1918இல் டார்ஜிலிங் மலைப்பகுதியில் சோனாதா அருகே ஓடையொன்றில் அவர் விந்தையான ஒரு நீர்ப்பூச்சியைச் சேகரித்தார். அது ஒரு தும்பியின் இளவுயிரி. அதாவது சிறகு முளைக்கும் முன் தும்பி நீருக்குள் வாழும் பருவம்.

அதன் வயிற்றின் பக்கவாட்டில் வரிவரியாக மேடுகள் இருந்தன. பின்னங்காலை அவற்றின்மேல் உரசி ஒலி எழுப்பும் உறுப்பு அது. இந்தியாவில் அறியப்பட்டிருந்த வேறெந்தத் தும்பியின் இளவுயிரியோடும் அது பொருந்தவில்லை. ஆசியத் தும்பிகளை ஆராய்ந்துவந்த ஆங்கிலேய மருத்துவர் எஃப். எஃப். லெய்ட்லா அதன் விந்தையை முதலில் கவனித்தார். பின்னர் அது ராபின் ஜான் டில்யார்டின் ஆய்வுக்கு வந்தது. 1917இல் தும்பிகளின் உயிரியலைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் டில்யார்ட். புதைபடிவப் பூச்சிகளிலும் தேர்ந்தவர். உடலமைப்பைக் கூர்ந்து ஆராய்ந்த அவர், இது ஜப்பானில் மட்டும் அறியப்பட்டிருந்த ஓர் அரிய தும்பியின் உறவினம் என்று முடிவுசெய்தார். 1921இல், கொல்கத்தாவிலிருந்து வெளியான இந்திய அருங்காட்சியகப் பதிவேடுகள் என்னும் இதழில், லெய்ட்லாவின் பெயரைச் சூட்டி அதனை அறிவித்தார்.

அவ்வறிவிப்பு ஏன் பெரிய செய்தியாயிற்று என்பதற்குச் சிறு விளக்கம் தேவை. தும்பி வரிசையில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று தடித்த உடலும், முன்சிறகினும் அகன்ற பின்சிறகும் கொண்ட தும்பிகள். மற்றொன்று மெலிந்த உடலும், அடியில் ஒடுங்கி ஒன்றுபோலவே அமைந்த நான்கு சிறகுகளும் கொண்ட ஊசித்தும்பிகள். இரண்டின் இயல்பும் கலந்த பல வடிவங்கள் ஜுராசிக் காலப் பாறைகளில் புதைபடிவங்களாகக் கிடைத்திருந்தன. அவை முற்றும் அழிந்துவிட்டன என்றே கருதப்பட்டது. 1889இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு தும்பியை பெல்ஜிய அறிஞர் செலி-லாங்ஷாம் விவரித்தபோது அக்கருத்து ஆட்டங்கண்டது. உடல் தும்பியை ஒத்திருந்தது. சிறகுகள் ஊசித்தும்பியை ஒத்திருந்தன. சூப்பர்ஸ்டீஸ் என்று அதற்குப் பெயரிட்டார் அவர். எஞ்சி நிற்பது என்று அதற்குப் பொருள். அந்த எஞ்சியதற்கு ஓர் உறவு இமயமலையிலும் இருக்கிறது என்று 1921இல் தெரியவந்தபோது, உயிருள்ள புதைபடிவம் என்ற புகழ் சோனாதாவின் ஓடைக்கும் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரும் புகழும் வந்துவிட்டன. சிறகுடைய தும்பி மட்டும் வரவில்லை. பிரிட்டிஷ் இந்திய இராணுவ மருத்துவப் பணியில் இருந்த எஃப். சி. ஃபிரேசர், இந்தியத் தும்பிகளைப் பற்றிய மூன்று பெருந்தொகுதிகளை 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். இன்றும் இந்தியத் தும்பி ஆய்வாளர் எவரும் அவற்றைத் தாண்டிச் செல்ல முடியாது. அத்தொகுதிகள் வெளிவந்த காலத்திலும் இமயத் தொல்தும்பியின் முழுவளர்ச்சி உருவத்துக்கு அறிவியல் விளக்கம் இல்லை. 1963இல்தான் ஜப்பானிய அறிஞர் சியோசிரோ அசாகினா அதற்கு ஒரு விளக்கத்தை வெளியிட்டார். அப்போதும், இதுவாக இருக்கக்கூடும் என்னும் தயக்கச் சொல்லைக் கட்டுரைத் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். இளவுயிரிக்குப் பெயரிட்டதற்கும் தும்பியைக் கண்டு விவரித்ததற்கும் இடையே 42 ஆண்டுகள்.

2. நாற்பது நாளும் ஐந்தாண்டும்

இனி இரண்டின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நாடோடித் தும்பி மழைநீர் தேங்கும் குட்டைகளில் முட்டையிடுகிறது. வயல் நீர், சாலையோரப் பள்ளம், நீச்சற்குளம் எதையும் அது விலக்குவதில்லை. சில வாரங்களில் வற்றிப்போகும் நீர்நிலைகள்தாம் அதற்கு உகந்தவை. அவற்றில் மீன்கள் இருப்பதில்லை. ஆனால் அங்கே வளர விரைவு வேண்டும். வெப்பமான நீரில் ஏறத்தாழ 40 நாட்களுக்குள்ளேயே இளவுயிரி வளர்ந்து சிறகு பெற்றுவிடும். குட்டை வற்றும் முன் அது வெளியேறியாக வேண்டும். வெளியேறிய பின் அங்கே தங்கியும் பயனில்லை. அடுத்த மழை எங்கே பெய்கிறதோ அங்கே செல்ல வேண்டும். அதற்கேற்ற உடலையும் அது பெற்றிருக்கிறது. பின்சிறகின் அடிப்பகுதி மிக அகன்றது. சிறகடிக்காமலே காற்றில் நெடுநேரம் மிதக்க அது உதவுகிறது. நான்கைந்து சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்பூச்சி, இமயமலையில் 6200 மீட்டர் உயரத்தில் பறந்ததாகவும் பதிவு உண்டு.

இமயத் தொல்தும்பியின் கணக்கு வேறு. ஈரக்காட்டின் நிழலில் விரைந்தோடும் குளிர்ந்த மலையோடை அதன் வீடு. நேபாளம், டார்ஜிலிங், பூட்டான் பகுதிகளில், பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் அது காணப்படுகிறது. குளிர்நீரில் வளர்ச்சி மிக மெதுவானது. இளவுயிரிப் பருவம் மட்டுமே ஐந்தாறு ஆண்டுகள், ஒருவேளை அதற்கு மேலும், நீடிக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அதன்பின் சிறகுபெற்று வாழும் காலமோ கோடையின் சில வாரங்கள். அத்தனை ஆண்டுகளும் ஓடை வற்றாதிருக்க வேண்டும், கலங்காதிருக்க வேண்டும், சூடேறாதிருக்க வேண்டும். ஓர் ஆண்டில் நேரும் கேடு பல ஆண்டுத் தலைமுறைகளை ஒரே வீச்சில் அழித்துவிடும்.

ஒன்று மாற்றத்தை நம்பி வாழ்கிறது; மற்றொன்று மாறாமையை நம்பி வாழ்கிறது. நாடோடித் தும்பிக்குக் குட்டை வற்றுவது இயல்பான நிகழ்ச்சி. தொல்தும்பிக்கு ஓடை வற்றுவது முடிவு.

கெம்பின் கண்ணில் தொல்தும்பியின் இளவுயிரி பட்டதற்கும், சிறகுடைய உருவம் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் கல்லுக்கடியில் இருப்பதை எந்தப் பருவத்தில் சென்றாலும் காணலாம். சில வாரங்கள் மட்டும் காட்டு மரங்களுக்கிடையே பறப்பதைக் காண, சரியான வாரத்தில் சரியான ஓடையருகே நிற்க வேண்டும். நாடோடித் தும்பியின் நிலை இதற்குத் தலைகீழ். அதன் இளவுயிரி நாம் பொருட்படுத்தாத குட்டைகளில் விரைந்து வந்துபோகிறது. தும்பியோ எல்லார் தலைக்கு மேலும் பறக்கிறது. ஆகவே அறிஞர்கள் தும்பியை அறிந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அறியவில்லை.

3. நாட்காட்டியில் இருந்த அறிவு

அறிஞர்கள் அறியவில்லை என்றேன். மக்கள் அறியவில்லை என்று சொல்லவில்லை.

மலையாளத்தில் நாடோடித் தும்பிக்குத் துலாத்தும்பி என்று பெயர். துலாம் என்பது நம் ஐப்பசி. வடகிழக்குப் பருவக்காற்றை ஒட்டி அது திரளாகத் தோன்றும் மாதமே அதன் பெயராயிற்று. ஜப்பானில் இதே தும்பியைப் போன் தும்பி என்றும் அழைப்பார்கள். போன் என்பது மறைந்த முன்னோரை வரவேற்று வழியனுப்பும் கோடைத் திருவிழா. அவ்விழா நாட்களில் கூட்டமாகத் தோன்றுவதால் அதனை முன்னோரின் ஆவியோடு சேர்த்து எண்ணினார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் ஊரில் சொல்வதும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஃபாப்ரீசியஸ் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டார். கேரளத்து உழவரும் ஜப்பானியச் சிற்றூராரும் மாதத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நிறம் ஊசியில் குத்திய உடலிலும் எஞ்சியிருக்கும். மாதம் என்பது ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இருந்து பார்ப்பவருக்கே தெரியும். இத்தும்பி வருகிறது, போகிறது, அதற்கு ஒரு காலம் உண்டு என்னும் அடிப்படைச் செய்தி மக்கள் வைத்த பெயர்களிலேயே இருந்தது. அதனை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ள அறிவியலுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அக்கேள்வியைத் தொடுத்தவரும் ஓரிடத்தில் தங்கிப் பார்த்தவரே. கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 1983இல் மாலத்தீவுக்குச் சென்று அங்கேயே பணியாற்றி வந்தார். ஆண்டுதோறும் அக்டோபரில் தலைநகர் மாலேயின்மேல் தும்பிகள் திரள்வதைக் கண்டார். மாலத்தீவு மக்களுக்கு அது புதிதன்று; வடகிழக்குப் பருவம் வரப்போவதன் அறிகுறியாகவே அவர்கள் அதைக் கருதி வந்தார்கள். ஆண்டர்சனைத் தடுத்து நிறுத்தியது வேறொரு செய்தி. மாலத்தீவு முழுதும் பவளத்தீவுகள். அங்கே தரைமேல் தேங்கி நிற்கும் நன்னீர் மிக அரிது. தும்பி வளர நன்னீர் வேண்டும். நீரில்லாத நாட்டில் இத்தனை இலட்சம் தும்பிகள் எப்படி வந்தன?

குளங்களும் வயல்களும் நிறைந்த வங்கத்திலோ சோழமண்டலத்திலோ இக்கேள்வி எழுந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் திடல்மேல் தும்பி திரண்டால், பக்கத்துக் குளத்திலிருந்து வந்திருக்கும் என்று எண்ணுவோம். கேள்வி எழ, குளமே இல்லாத ஓர் ஊர் தேவைப்பட்டது.

ஆண்டர்சன் வரவு நாட்களைக் குறித்து வைத்தார். மாலேயில் முதலில் தோன்றும் தும்பிகள் சில வாரங்களுக்குப் பின் தென்கோடித் தீவுகளில் தோன்றின. அதற்கும் பின், நவம்பரிலும் டிசம்பரிலும், சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் தோன்றின. வரவு வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நகர்வது தெளிவாயிற்று. ஆனால் அக்டோபரில் அங்கே கடல்மட்டக் காற்று மேற்கிலிருந்து வீசும். அதை எதிர்த்து இச்சிறு பூச்சி எப்படிப் பறக்கும்? ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று அதற்குள் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருக்கும் என்பது அவர் கண்ட விடை. தும்பிகள் அந்த மேற்காற்றில் ஏறிக்கொண்டு, வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர நகர அதன் பின்னே செல்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் இனம் பெருக்குகின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியாவுக்குத் திரும்புகின்றன. முழுச் சுற்று ஏறத்தாழ 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தும்பி இதை முடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு தலைமுறைகள் கைமாற்றி முடிக்கின்றன. 2009இல் இக்கருதுகோளை அவர் வெளியிட்டார்.

ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட 1798இலிருந்து எண்ணினால் 211 ஆண்டுகள். தொல்தும்பிக்கு 42 ஆண்டுகள்; எல்லார் கண்ணெதிரிலும் பறந்த தும்பிக்கு 211 ஆண்டுகள்.

4. இரண்டு எதிர்பாராத விடைகள்

இரு தும்பிகளைப் பற்றியும் நாம் வரைந்து வைத்திருந்த படங்களை 2012ஆம் ஆண்டு வெளிவந்த இரு ஆய்வுகள் மாற்றின. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஒரே ஆண்டில் வந்தமை தற்செயல்.

முதலாவது நாடோடித் தும்பியைப் பற்றியது. தும்பியின் சிறகு ஒருமுறை உருவான பின் மாறுவதில்லை. அது வளர்ந்த நீரின் ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதம் அதில் பதிந்திருக்கும். அவ்விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், சிறகை ஆராய்ந்தால் பிறந்த குட்டை எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு கூறலாம். மாலத்தீவில் பிடித்த தும்பிகளை ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் இவ்வாறு ஆராய்ந்தார்கள். அருகிலுள்ள தென்னிந்தியாவிலிருந்து அவை வந்திருக்கும் என்பதே எவருக்கும் தோன்றும் எண்ணம். விடையோ வட இந்தியா, நேபாளம், அல்லது அவற்றுக்கும் அப்பால் என்று வந்தது. கடலைக் கடக்கும் முன்னரே அவை ஒரு துணைக்கண்டத்தைக் கடந்திருந்தன. எங்கள் திடல்மேல் மிதந்தவை காணாமற்போன திசை எதுவாயிருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது ஆய்வு தொல்தும்பியைப் பற்றியது. ஜப்பானிலும் இமயத்திலும் வாழும் இரு தொல்தும்பிகளும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து, தத்தம் மலைகளில் தனித்து எஞ்சியவை என்று பொதுவாக எண்ணப்பட்டு வந்தது. மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சொற்பமாக இருந்தது. பல கோடி ஆண்டுப் பிரிவு என்றால் அவ்வாறு இருக்க முடியாது. பனியூழிக் காலத்தின் குளிரில், இமயத்துக்கும் ஜப்பானுக்கும் இடைப்பட்ட ஆசிய நிலம் நெடுகிலும் இத்தும்பி பரவியிருந்திருக்க வேண்டும். நிலம் வெப்பமடைய, குளிர்நீரைத் தேடி மலைகளில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே காலத்தில் வடகிழக்குச் சீனத்திலிருந்தும் இப்பேரினத்தின் தும்பி ஒன்று விவரிக்கப்பட்டது. இடைவெளியில் ஒரு புள்ளி நிரம்பியது.

ஜுராசிக் காலத்திலிருந்து மாறாமல் ஓடைக்குள் உறைந்து கிடக்கும் உயிர் என்ற படம் முழு உண்மையன்று. அதன் குலம் பழையது. தும்பிகளுக்கு மிக நெருங்கிய தனிக்கிளை என்பதே இன்றைய வகைப்பாட்டுக் கருத்து. ஆனால் அது இன்றைய மலைகளில் அடைபட்டது புவியியல் கணக்கில் அண்மை நிகழ்ச்சி. ஒரு காலத்தில் அதுவும் பரந்து வாழ்ந்தது. வெப்பம் அதனை ஒடுக்கியது.

இதற்கு மறுதலையான ஒரு செய்தி நாடோடித் தும்பியிடமும் உண்டு. பசிபிக் பெருங்கடலின் தனித்த ஈஸ்டர் தீவில் வாழும் ஒரே தும்பி அதுதான். அங்கே அதன் நிறமும் பறக்கும் போக்கும் சற்று வேறுபடுவதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டியது. நாற்புறமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் சூழ்ந்த இடத்தில், காற்றோடு புறப்படுவது அழிவாகவே முடியும். அங்கே நாடோடியும் வீடு கட்டக் கற்றுக்கொண்டது போலும். நிலைத்திருப்பது, அலைவது என்பன இவ்விரண்டின் பிறவிக்குணங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நிலமும் நீரும் காற்றும் அனுமதித்த அளவுக்கே அவை என்பதை இவ்வாய்வுகள் காட்டின.

5. சட்டம் எதைப் பார்க்கிறது

வரலாற்று மாணவன் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்? காரணம் ஒன்று உண்டு.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே உயர்ந்த பாதுகாப்பு வரிசையில், இமயத் தொல்தும்பியும் இடம்பெற்றது. டில்யார்டின் கட்டுரை தந்த புகழ் இல்லையேல், சாதாரண மனிதர் வாழ்நாளில் காணாத ஒரு பூச்சி அவ்வட்டவணையில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அச்சுறுத்தலை அண்மிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. நாடோடித் தும்பியோ கவலைக்குரியதல்லாத இனம்.

வகைப்பாடு தவறு என்று நான் கூறவில்லை. ஆனால் அட்டவணை தும்பியின் பெயரைப் பார்க்கிறது. தும்பி வாழும் நீரைப் பார்ப்பதில்லை. தொல்தும்பியைப் பிடிப்பது குற்றம். அது ஐந்தாறு ஆண்டுகள் வாழும் ஓடையின் நீரைக் குழாயில் திருப்பிவிட்டாலோ, கரையின் மரங்களை வெட்டிச் சாலை அமைத்தாலோ, எவரும் தும்பியைத் தொட்டதாகாது. வலை வீசிப் பிடிப்பவரால் இத்தும்பிக்குப் பெரிய ஆபத்து இல்லை; ஓடை சூடேறுவதால் உண்டு. பனியூழிக்குப் பின் ஒருமுறை வெப்பம் அதனை மலைமேல் ஒதுக்கியது. இனி ஒதுங்க மேலே எவ்வளவு மலை எஞ்சியிருக்கிறது?

நாடோடித் தும்பியின் பக்கம் சிக்கல் வேறு. எண்ணிக்கை மிகுதி என்பதால் அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அதன் வாழ்க்கை பல நாடுகளின் மழைக்குட்டைகளைக் கோத்த ஒரு மாலை. எந்த ஒரு நாட்டின் சட்டமும் அம்மாலையை முழுதாகக் காண்பதில்லை. அத்தும்பியோடு பிற உயிர்களும் கட்டுண்டிருக்கின்றன. கிழக்காசியாவிலிருந்து தென் ஆப்பிரிக்கா செல்லும் அமுர் வல்லூறுகள் இதே பருவத்தில் இதே கடலைக் கடக்கின்றன. வழியில் இத்தும்பிகளே அவற்றுக்கு இரையாகலாம் என்று ஆண்டர்சன் கருதினார். அவ்வல்லூறுகள் ஆண்டுதோறும் தங்கிச் செல்லும் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில், 2012இல் அவை பெருந்தொகையாக வலைவீசிக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே அதிரவைத்தது. அடுத்த ஆண்டே அவ்வூர் மக்கள் வேட்டையை நிறுத்தினார்கள். நெடும்பயணம் முழுவதையும் எவராலும் காக்க முடியாது. தம் ஊர் வழியாகச் செல்லும் பகுதியைக் காக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

எங்கள் விடுதியின் பின்புறம் ஒரு மழைக்குட்டை இருந்தது. கோடையில் வெறும் பள்ளம். ஜூன் முதல் அக்டோபர் வரை முழங்கால் அளவு நீர். கொசு பெருகுகிறது என்று கூறி அதனை இவ்வாண்டு மண்ணிட்டு நிரப்பிவிட்டார்கள். நான் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லக் காரணம் இருப்பதாகவும் அப்போது தோன்றவில்லை. ஏரி என்ற பெயரோ குளம் என்ற பெயரோ இல்லாத, வருவாய்ப் பதிவேட்டில் வரியொன்றும் பெறாத ஒரு பள்ளம் அது. நாற்பது நாள் நீர் நின்றால் போதும், அங்கிருந்து ஒரு தலைமுறை கடலை நோக்கிப் புறப்படும் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. கொசுவின் இளவுயிரிகள் தும்பியின் இளவுயிரிக்கு உணவு என்பதையும் பின்னரே படித்தேன்.

இவ்வாண்டும் திடலின்மேல் தும்பிகள் வந்தன. வேறு குட்டைகளிலிருந்து வந்திருக்கும். எண்ணிக்கை குறைந்ததா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. முந்தைய ஆண்டுகளில் நான் எண்ணவில்லை. இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் செய்த பிழையையே நானும் செய்திருக்கிறேன்: எப்போதும் இருப்பது என்பதால் குறித்து வைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பின்சிறகு அகன்ற, அமராமல் மிதக்கும் மஞ்சள் தும்பிகளின் கூட்டத்தை உங்கள் ஊரில் காணும்போது, நாளையும் இடத்தையும் காற்றின் திசையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் அதற்கென்று ஒரு பெயர் வழங்கினால், குறிப்பாக மாதத்தையோ விழாவையோ ஒட்டிய பெயர் வழங்கினால், இப்பதிவின் கீழே எழுதுங்கள். அருகில் இருக்கும் மழைக்குட்டை எந்த நாளில் நிரம்பி எந்த நாளில் வற்றுகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். மாலேயில் ஒருவர் செய்தது ஏறத்தாழ இதுதான். நான் இவ்வாண்டு முதல் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.